ஆட்சேபணை இருக்கிறது, அத்தா

என் அருமை அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சலாம் வராது என்று தெரியும். ஆனாலும் உங்களிடம் எதைப் பேசினாலும் இதில் ஆரம்பித்துத்தான் பழக்கம்.

உங்களை அடக்கிய கபருக்கு நான் இதுவரை வந்ததில்லை. எங்கள் தெருவில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. உங்கள் அண்ணன், பெரியத்தாவின் மகன்தான் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போய்விட்டு வந்து, "புல்லு வளர்ந்திருந்துச்சு, புடுங்கிப் போட்டுட்டேன்" என்று சொல்வான். வாழ்நாளில் உங்களோடு பத்து வார்த்தை பேசாதவன் உங்கள் பக்கத்தில் நிற்கலாம், நான் நிற்கக் கூடாது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. கொஞ்சம் உங்கள் மேலும் வந்தது. நிறைய என் மேல்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு முதலில் உங்களைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தா அரசாங்க ஜீப் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார். பெயர் அப்துல் காதர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் வெறும் 'பாய்'. அவர் போன பிறகு படிவம் நிரப்ப உட்கார்ந்த கிளார்க் தனசேகர் சார் என்னிடம், "பாய் பேரு என்னம்மா?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கித்தான் கேட்டார். பதினோரு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்.

அத்தா, சாயங்காலங்கள் ஞாபகம் இருக்கிறதா? முடிச்சூர் ரோட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தரையில் சுவரில் சாய்ந்து உட்காருவீர்கள். அன்று ஜீப்பின் பின் சீட்டில் கேட்டதெல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வரும். முன் சீட்டில் ஸ்டியரிங் பிடிப்பவனுக்குக் காது கிடையாது என்றுதானே அதிகாரிகள் நினைக்கிறார்கள்? தங்கள் பிள்ளை எங்கே சேர்ந்தான், யாரைப் பிடித்து சீட் வாங்கினார்கள், எந்தப் படிப்புக்கு மவுசு, எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். நீங்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருவீர்கள்.

"ஷமீ, பயோடெக்னாலஜின்னு ஒண்ணு கீதாமே?"

"அது என்ன அத்தா?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? ஐயாவோட பையன் அதுலதான் சேர்றானாம். இனிமே எல்லாம் அதானாம்."

அடுத்த வாரம் வந்து, "பயோடெக்கு வேஸ்ட்டாம். ஐ.டி.தானாம்" என்பீர்கள்.

"போன வாரம் வேற சொன்னீங்களே?"

"போன வாரம் வேற ஐயா."

அம்மா அடுப்படியில் இருந்தபடியே சிரிப்பாள். அந்தச் சிரிப்பை மட்டும் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒன்பதாவதில் பட்டிமன்றத்தில் ஜெயித்துவிட்டு வந்து வக்கீல் ஆகப் போகிறேன் என்றேன். பதினொன்றாவதில் தவளையை அறுத்துப் பார்த்த அன்று, உள்ளே துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு விலங்கியல்தான் என்றேன். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து அரிசி மூட்டை நனைந்த வருஷம், இந்தத் தண்ணீர் எங்கிருந்து கிளம்பி வருகிறது, எங்கே போகவேண்டியது, ஏரி இருந்த இடத்தில் பிளாட் போட்டவன் யார் என்று ஒரு மாதம் பைத்தியம் பிடித்து அலைந்தேன். முடிச்சூரிலிருந்து அனகாபுத்தூர் வரைக்கும் அடையாற்றின் கரையில் சைக்கிளில் போய், எங்கெல்லாம் வாய்க்காலை அடைத்து வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பழைய ரெக்கார்ட் நோட்டில் வரைந்தேன். நடுவில் ஒரு மாதம் வானொலி அறிவிப்பாளர் ஆகும் ஆசையும் வந்து போனது.

இதே குணம் உங்கள் ஐயா வீட்டுப் பிள்ளைக்கு இருந்தால் அவன் பலதுறைத் திறமைசாலி. டிரைவர் வீட்டுப் பெண்ணுக்கு இருந்தால் புத்தி ஒரு இடத்தில் நிற்கவில்லை என்பார்கள். எங்கள் கிளாஸ் மிஸ் என்னை நேராகவே கேட்டார்: "நாலு தப்பு பண்ணிப் பாக்கறதுக்கு உங்க வீட்டுல வசதி இருக்கா ஷமீமா?" அவரும் கெட்டவர் இல்லை. உண்மையைத்தான் கேட்டார்.

நீங்கள் மட்டும்தான் அப்படிக் கேட்கவில்லை. பிளஸ் டூவில் ஆயிரத்து நாற்பது மார்க் என்று பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்தபோது கன்னத்தில் தட்டிவிட்டு, மறுநாளிலிருந்து அப்ளிகேஷன் வாங்கப் போனீர்கள். ஏழு கல்லூரி, ஏழு அப்ளிகேஷன். இன்ஜினீயரிங்குக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, விலங்கியலுக்கு, வரலாற்றுக்கு, பி.காமுக்கு. கேட்டரிங்குக்குக்கூட ஒன்று.

"எதுக்கு அத்தா இத்தனை?"

"நீ ஒண்ணு சொல்ற வரைக்கும் எல்லாத்தையும் வாங்கி வெக்கறேன். லாஸ்ட் டேட் தாண்டிடிச்சுன்னா?"

டியூட்டி உடுப்போடு வரிசையில் நின்றிருக்கிறீர்கள். கவுண்டரில் இருந்தவர் உங்களைப் பார்த்துவிட்டு, "எந்த ஐயா வீட்டுக்கு வாங்கினு போற?" என்று கேட்டாராம். "என் பொண்ணுக்குத்தான் சார்" என்றீர்களாம். வந்து எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வரவில்லை, இன்றும் வரவில்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஐயாவுக்கு மீட்டிங். நீங்கள் வெளியே வேப்ப மரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். எத்தனை மணிக்கு நெஞ்சு வலித்தது, யாரையாவது கூப்பிட்டீர்களா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மீட்டிங் முடிந்து வெளியே வந்த ஐயா, நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஹாரனை அடித்தாராம். இரண்டு தடவை. இதைத் தனசேகர் சார்தான் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்போதெல்லாம் ரோட்டில் எந்த ஹாரன் அடித்தாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் ஆட்டோக்காரர், "செவுடா நீ?" என்று திட்டிவிட்டுப் போனார்.

அந்த ஐயா வீட்டுக்கு வந்தார். குறை சொல்ல முடியாது, வந்தார். வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்ன படித்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார். பிளஸ் டூ என்றேன். "நல்லவேளை. வாரிசு வேலை கெடச்சிடும்" என்றார். நல்லவேளை. அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ நாள் வாயில் போட்டு மென்றேன்.

நீங்கள் போன நாளிலிருந்து அம்மா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அதனால் இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் நான்தான் அலைந்தேன். தாலுகா ஆபீஸில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகப் பெரியத்தா துணைக்கு வருவார். அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து, வியர்வையோடு வந்து நிற்பார். அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். ஆனால் நீங்கள் போன மூன்றாவது நாளே அவர் முடிவுகட்டிவிட்டார்.

"நீதான் இன்னா படிக்கிறதுன்னே தெரியாம முழிச்சினு இருந்தே. ஆண்டவனாப் பாத்து வழி காட்டிட்டான். கம்முனு இந்த வேலையில சேர்ந்துடு."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆபீஸில் பெரியவர்கள் சேர்ந்து, பிளஸ் டூ முடித்த பெண் இருக்கிறாள், கிளார்க் வேலைக்கே போடலாம், வயது பதினெட்டு ஆனதும் சரியாகிவிடும் என்றார்கள். படிவத்தில் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் தனசேகர் சார் என்னைக் கேட்காமலேயே என் பெயரை எழுதினார். முன்னால் நின்றது நான்தானே? வீட்டுக்குள் இருந்தவள் யார் கண்ணிலும் படவில்லை. ஏழு அப்ளிகேஷனுக்கும் கடைசித் தேதி ஒவ்வொன்றாக வந்து போனது. ஒன்றைக்கூட நான் நிரப்பவில்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "என் பேர்ல போட்டாச்சும்மா."

"ம்" என்றாள். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

இத்தா முடிந்து அம்மா வெளியே வந்த அதே வாரம் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். மகளுக்கு வேலை கொடுப்பதில் தனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று மனைவி எழுதிக் கொடுக்க வேண்டும். தனசேகர் சார் டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். அம்மா புர்காவோடு அந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நீங்கள் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த கட்டடத்துக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. கையெழுத்துப் போடுவீங்கல்ல? இல்லன்னா கைநாட்டு வெச்சிக்கலாம்."

அம்மா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துப் படித்தாள். விரல் ஒவ்வொரு வரியின் கீழும் போனது. தனசேகர் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"படிக்கவெல்லாம் வேணாம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லைன்னு போட்டிருக்கு சார்."

"ஆமாம்மா."

"எனக்கு இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஆட்சேபணை."

நான், "அம்மா!" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு, தோள் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தாள். அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். பல்லாவரத்தில் படித்தது. கணக்கில் எண்பத்தொன்று.

"வேலை எனக்கு வேணும் சார். அவளுக்கு வேணாம். அவ படிக்கணும்."

பக்கத்து மேஜைக்காரர்கள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தனசேகர் சார் புத்தகத்தைப் புரட்டினார். "பாய் வீட்டம்மா பத்தாவதா! பாய் ஒரு வார்த்த சொன்னதில்லையே!"

"அவரும் கேட்டதில்ல சார்" என்றாள் அம்மா.

சார் எவ்வளவோ சொன்னார். பெண்ணுக்குக் கிளார்க் வேலை வரும், உங்களுக்கு இப்போது காலியாக இருப்பது அலுவலக உதவியாளர் வேலைதான், பெல் அடித்தால் ஓட வேண்டும், ஃபைல் தூக்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், கிளார்க்காகப் போகணும் என்றால் லிஸ்டில் பல வருஷம் காத்திருக்க வேண்டும், யோசியுங்கள் என்றார். "நாலு மாசம் பத்து நாள் அதத்தான் சார் யோசிச்சேன். வேற வேலை ஒண்ணும் இல்லை" என்றாள்.

திரும்பும்போது மின்சார ரயிலில் இடம் கிடைத்தது. குரோம்பேட்டை தாண்டும் வரைக்கும் ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அவமானமாக இருந்தது. என்ன அவமானம் என்று கேட்காதீர்கள், எனக்கே அப்போது தெரியவில்லை.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ என்னைக் கேட்டியா? 'என் பேர்ல போட்டாச்சு'ன்னு வந்து சொன்ன. போட்டாச்சுன்னு சொன்னப்புறம் என்னத்தச் சொல்றது?"

"உனக்காகத்தான் சரின்னு சொன்னேன். வேற யாரு போவா?"

அம்மா முகத்திரையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்காகவா? பொய் சொல்லாதடி. உனக்கு ஒண்ணும் முடிவு பண்ண முடியல. வேலைன்னு ஒண்ணு வந்ததும் அதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கப் பாத்த."

எதிரில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அத்தா, அவள் சொன்னது சரி. இந்தக் கடிதமே அதைச் சொல்லத்தான். சுற்றி வளைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நீங்கள் மவுத்தாகி மூன்றாவது நாள், வீட்டில் ஓதிக்கொண்டிருந்தார்கள். பெரியத்தா அந்த வேலையைப் பற்றிச் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டது. அப்பாடா, இனி நான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று. ஏழில் எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். தப்பான படிப்பில் சேர்ந்து தோற்க வேண்டாம். தோற்றாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. பாவம், அத்தா போயிட்டாரு, குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுட்டா என்பார்கள்.

உங்கள் மையித்தைக் கிடத்தியிருந்த அறையிலேயே உட்கார்ந்து நிம்மதிப்பட்டேன் அத்தா. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் பட்டேன். அதன் பிறகு தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கினேன். எல்லோரும் பாராட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா மட்டும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. தினமும் சாயங்காலம் என்னிடம் 'என்ன ஆகப் போற' என்று கேட்டீர்கள். பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளை ஒரு நாளாவது கேட்டீர்களா? கணக்கில் எண்பத்தொன்று வாங்கினவள், டைப்ரைட்டிங் கிளாஸ் போக ஆசைப்பட்டு, பத்தொன்பது வயதில் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தவள். கட்டிக்கொண்ட பிறகு நீங்கள் எதையும் தடுக்கவில்லை, எனக்குத் தெரியும். தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கேட்டிருந்தால்தானே தடுக்கவோ விடவோ முடியும்? அடுப்படியிலிருந்து அவள் சிரித்தது உங்கள் பேச்சுக்கு மட்டும்தானா? உங்களைத் திட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. நானும்தான் பதினெட்டு வருஷம் அவளைக் கேட்கவில்லை.

பெரியத்தா விஷயம் கேள்விப்பட்டதும் அன்றைக்கே அனகாபுத்தூரிலிருந்து வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"இன்னா ஜமீலா, புத்தி கெட்டுப் போச்சா? நம்ம வூட்டுப் பொம்பள, பெல்லடிச்சா டீ எடுத்துனு ஓடறதா? காதர் கூட வேலை பாத்தவனுங்க மூஞ்சியில எப்படி முழிப்ப? குடும்ப மானம் இன்னாவறது?"

அம்மா அவர் முன்னால் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"உள்ள வந்து உக்காருங்க மச்சான். தண்ணி குடிங்க. உங்க தம்பி இருபத்திரண்டு வருஷம் ஜீப்பு கதவத் தொறந்துவிட்டாரு. ஐயா எறங்குறப்பவும் ஏர்றப்பவும். அப்பப் போகாத மானமா மச்சான் நான் டீ எடுத்துட்டுப் போனா போயிடப் போகுது?"

பெரியத்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்புறம் அழுதார். நீங்கள் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

நீங்கள் போனதிலிருந்து எண்ணினால், வேலைக்கான ஆர்டர் வரப் பதினோரு மாதம் ஆனது. சிலருக்கு ஐந்து வருஷமாம், நாம் அதிர்ஷ்டக்காரர்களாம். இத்தா முடிந்ததிலிருந்து நான் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ரிசல்ட் வரும் நாளில் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும். பிள்ளைகளை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் அப்பாக்களை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நம்பரை மட்டும் கேட்டு டைப் அடிப்பேன்.

அம்மா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நல்ல சேதி மட்டும் சொல்ல மாட்டேன், உங்களுக்குப் பொய் பிடிக்காது. முதல் வாரம் பெல் அடிக்கும்போதெல்லாம் யாருக்கோ அடிக்கிறது என்று உட்கார்ந்திருந்தாளாம். "ஏம்மா, காது கேக்கலையா?" என்று ஒரு சின்ன வயசு அதிகாரி கத்தியிருக்கிறார். ரமலான் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும் நம் வீட்டிலிருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள், அண்ணியைக் கேட்டதாக உங்களிடம் சொல்லி அனுப்பியவர்கள், இப்போது "ஜமீலா, ரெண்டு டீ, ஒண்ணு சக்கர இல்லாம" என்கிறார்கள். தனசேகர் சார் மட்டும் தானே எழுந்து போய் டீ வாங்கிக்கொள்கிறார். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "வேலைன்னா வேலதான? அவரு எழுந்து போனா என்னைப் பாத்துப் பரிதாபப்படறாருன்னுதான அர்த்தம்" என்கிறாள். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்காரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. நான் பிடித்துவிடப் போனால் விடுவதில்லை.

ஆனால் லேடீஸ் பெட்டியில் அவளுக்கு நாலு சிநேகிதிகள் கிடைத்திருக்கிறார்கள். தாம்பரத்தில் ஏறினால் சைதாப்பேட்டை வரைக்கும் வாய் மூடுவதில்லையாம். ஆபீஸுக்குப் பக்கத்திலேயே சாயங்கால டைப்ரைட்டிங் கிளாஸில் பெயர் கொடுத்துவிட்டாள். சின்னப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து அடிக்கிறாள். விரல் சிக்கிக்கொள்கிறது என்று திட்டிக்கொண்டே போகிறாள். சமையல் இப்போது நான். சோறு குழைகிறது. அவள் குறை சொல்லாமல் சாப்பிடுவதைப் பார்த்தால், குறை சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இப்படியாக, எனக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது அத்தா. மறுபடியும் ஜூன் மாதம் வந்தது. அப்ளிகேஷன் வாங்க வரிசையில் நிற்க வேண்டியவள் நான். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், இந்த ஒரு வருஷத்தில் எனக்குத் தெளிவு ஒன்றும் வந்துவிடவில்லை. இப்போதும் சட்டம் பிடிக்கிறது. இப்போதும் தவளை பிடிக்கிறது. பலருக்கு ஒரு நாள் மின்னல் மாதிரி தெரிந்துவிடும் என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று காத்திருப்பதும் ஒளிந்துகொள்வதுதான் என்று அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்த ஒரு நாள் புரிந்தது.

நாலாவது நாள், திங்கட்கிழமை, போனேன். ஒரே ஒரு அப்ளிகேஷன் வாங்கினேன். அரசு கலைக் கல்லூரி, பி.ஏ. புவியியல். ஆறும் மழையும் நிலமும் மனிதர்களும் எல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் போலிருந்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன்.

"ஜியாகிரபியா? அதப் படிச்சா என்ன ஆவலாம்?"

"தெரியலம்மா."

"டீச்சரா?"

"ஆவலாம். ஆகாமலும் போவலாம்."

"தெரியாமலேயா சேர்ற?"

"ஆமா."

கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். அவள் காலும் முதுகும் இதற்குத்தான் வலிக்கிறது, வேறு எதற்கு?

"பாதியில புடிக்கலன்னு வந்து நிக்க மாட்டியே?"

"நின்னாலும் நிப்பேன்மா. ஆனா நான்தான் சேர்ந்தேன், நான்தான் தப்பு பண்ணேன்னு சொல்லிட்டு நிப்பேன்."

"சரி, ஃபில்லப் பண்ணு. நாளைக்கு லீவு சொல்லிட்டு நானும் வரேன்" என்றாள். அப்புறம், "வேணாம். நீயே போ" என்றாள்.

நானே போனேன். சீட் கிடைத்துவிட்டது. படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நின்றேன். தாய் தொழில் என்று அதில் இடமே இல்லை. தந்தை பெயருக்கு நேராக அப்துல் காதர் என்று முழுசாக எழுதினேன். கீழே கோடு போட்டு, தாய் அரசுப் பணி என்று நானே ஒரு வரி சேர்த்தேன். கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்த்து முணுமுணுத்தார். அந்த வரியை அடித்துவிடவில்லை.

அடுத்த வாரம் வகுப்பு ஆரம்பம். பயமாக இருக்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் எங்கே போகிறோம் என்று தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் தெரியாது என்று தோன்றுகிறது. நீங்கள் இருந்திருந்தால் பின் சீட்டில் யாராவது ஜியாகிரபி பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டு வந்து சொல்லியிருப்பீர்கள். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் இதைப் படிப்பதில்லை.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பெரிய ஆளாக வருவேன் என்று சொல்ல மாட்டேன். அது என் கையில் இல்லை, நம்மைப் போன்றவர்கள் கையில் அது எப்போதும் முழுசாக இருந்ததும் இல்லை. சொல்ல முடிந்தது ஒன்றுதான். இந்தப் படிப்பில் நான் தேறினாலும் தோற்றாலும், நடுவில் வேறு வழி மாறினாலும், 'அத்தா போயிட்டாரு, அதான் இப்படி ஆயிட்டேன்' என்று எவரிடமும், எனக்குள்கூட, சொல்ல மாட்டேன். நீங்கள் செத்துப்போனதை எனக்கு ஒதுங்க ஒரு நிழலாக ஒரு தடவை பயன்படுத்திக்கொண்டேன். இனிமேல் மாட்டேன். அதற்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

தினமும் ஐந்து நேரமும் அம்மா உங்களுக்காக துஆ செய்கிறாள். நான் அவ்வளவு ஒழுங்கில்லை. ஆனால் கேட்கும்போது மனசாரக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் தினமும் கேட்ட கேள்விக்கு ஒரு வருஷம் தாமதமாகப் பதில் சொல்லும் உங்கள் ஒரே மகள்,
ஜமீலாவின் மகளும்கூட,
ஷமீமா
மேற்குத் தாம்பரம்